அன்புள்ள சாமிக்கு

அம்மாப்பேட்டை, சேலம்
ஜூலை 2025

சாமி,

போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், குக்கர் விசில் அடிக்குது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் குக்கரே வைக்கவில்லை. இந்த மாதிரி விஷயத்தைப் போனில் பேசினால் ஒன்று அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். மாடி வீட்டுப் பெண் படம் எடுத்து அனுப்புவாள். பொறுமையாகப் படி.

சாமி கும்பிடாதவள் பெத்த பிள்ளையைச் சாமி சாமி என்கிறாளே என்று உன் அத்தை கேலி பேசுவாள். நம் பக்கத்தில் பிள்ளையைச் சாமி, கண்ணு என்று கூப்பிடாத அம்மா எவள்? "நான் சாமின்னு கூப்பிட்டது இவனை ஒருத்தனைத்தான், இவனும் கூப்பிட்ட குரலுக்கு வர்றதில்லை" என்று அப்பாவிடம் சொல்வேன். அவர் சிரிப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு வருஷத் திதி கொடுக்கணும் என்று பெரியப்பா சொன்னதாகவும், நானும் பக்கத்தில் உட்காரணும் என்றும் சொன்னாய். நீ திதி கொடு. அப்பா நம்பியவர், உன்னிடம் அதை எதிர்பார்த்திருப்பார். லீவு போட்டு ஐன்ட்ஹோவனிலிருந்து கிளம்பி வருகிறவனைத் தடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் நான் உட்கார மாட்டேன். நெதர்லாந்தில் பாதிப் பேருக்கு மேல் மதம் இல்லாதவர்கள் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அங்கே போயிருக்கிறவன் அம்மாவைத் திதிக்குக் கூப்பிடுகிறான் பார் என்று எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. கோபித்துக்கொள்ளாதே.

ஏன் உட்கார மாட்டேன் என்றால், அந்தப் பதினாறாம் நாளில் நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. நீ அப்போது சுடுகாட்டுக் கணக்கு, சான்றிதழ் என்று அலைந்துகொண்டிருந்தாய். உள் அறையில் உன் அத்தையும் இன்னும் நாலு பேரும் என்னை நடுவில் உட்காரச் சொன்னார்கள். தலையில் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, அதையெல்லாம் எடுக்க வேண்டுமாம். தாலியும் அறுக்க வேண்டுமாம். எங்கள் கல்யாணம் 1985இல் நடந்த சுயமரியாதைக் கல்யாணம், அதில் தாலி கிடையாது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அந்த மாதிரிக் கல்யாணத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதனால் மாலை மாற்றிக்கொண்டோம், கையெழுத்துப் போட்டோம், முடிந்தது. உன் பாட்டிதான் மனசு கேட்காமல் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். அவருக்காக ஒரு மாதம் போட்டிருந்தேன், அப்புறம் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். அப்பா ஒரு வார்த்தை கேட்டதில்லை.

முப்பத்தொன்பது வருஷம் பெட்டியில் கிடந்த அந்தக் கயிற்றைத் தேடி எடுத்து, என் கழுத்தில் போட்டு, உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். நான் சொல்வது சத்தியம். (சத்தியம் என்ற வார்த்தைக்கு என்னிடம் வேறு வார்த்தை இல்லை.) எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே, "அவ அப்பன் வளர்த்த லட்சணம்" என்று ஒரு குரல் கேட்டது. அந்த நாளில் என்னைச் சுட்டது அது ஒன்றுதான். உன் தாத்தா நன்றாகத்தான் வளர்த்தார்.

தாத்தாவைப் பற்றி நீ கேட்டதில்லை, நானும் அதிகம் சொன்னதில்லை. தறிக்காரர். குழித்தறியில் கால் வைத்தபடியே பேப்பர் படிக்கக் கற்றவர். 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில் நடந்த மாநாட்டில்தான் நீதிக் கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அன்றைக்கு அவருக்கு வயசு பதினான்கு. மாநாட்டுப் பந்தலுக்கு வெளியே நின்று கேட்டதாகச் சொல்வார். 1971 ஜனவரியில் இங்கே மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்தபோது என்னைக் கையைப் பிடித்து ஊர்வலத்துக்குக் கூட்டிப்போனார். எனக்கு வயசு ஒன்பதோ பத்தோ. ராமர் படத்தைச் செருப்பால் அடித்ததைப் பற்றி இன்றைக்கும் மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நான் பார்த்ததெல்லாம் பெரியவர்களின் முதுகும் தூசியும்தான். அப்போது ஆட்சியில் இருந்த தி.மு.க. இதனாலேயே தோற்றுப்போகும் என்றார்கள். இரண்டு மாதத்தில் தேர்தல் வந்தது, 184 இடம் ஜெயித்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்லணும். படத்தை அடிப்பது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்காது. இல்லாத ஒன்றை எதற்கு அடிக்கணும்? தாத்தாவிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். "பயம் போகணும்னா ஒரு தடவை அடிச்சுப் பார்க்கணும்மா" என்றார். அவர் காலத்துப் பயம் எனக்கு இல்லை, அதனால் அவர் பதிலை நான் ஒதுக்கிவிட முடியாது. கோயில் தெருவுக்குள் நடக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர் அவர்.

அப்பாவோ நேர் எதிர். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டு, திங்கள் காலையில் ஏற்காட்டு மலைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய்ச் சனிக்கிழமை இறங்கி வருவார். அந்த மலைச் சாமி சேர்வராயன் என்றால் அவருக்கு உயிர். மே மாதத் திருவிழாவுக்கு ஒரு வருஷம்கூட விட்டதில்லை. மலை உச்சியில் அந்தக் குகைக் கோயில் உனக்கு நினைவிருக்கும், குனிந்துதான் உள்ளே போகணும். சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள், குகை காவிரி வரைக்கும் போகிறது என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். நானும் கூடப் போவேன். வெளியே பாறையில் உட்கார்ந்து காற்று வாங்குவேன். அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வெளியே வருவார், நெற்றியில் திருநீறு இருக்கும். மிச்சத்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஒரு நாளும் என் நெற்றிப் பக்கம் அவர் கை வந்ததில்லை. இத்தனைக்கும் என்னைவிட உயரம், கை நீட்டினால் போதும்.

எனக்கும் சாமிக்கும் சண்டை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கும் சாமிக்கும் என்ன சண்டை? கேட்காமல் என் நெற்றிக்கு வருகிற கையோடுதான் சண்டை.

அந்தக் கை எங்கெல்லாம் வருகிறது என்று பார். நான் வேலை பார்த்த ஆபீசில் ஆயுத பூஜைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வசூல். அரசு ஆபீசில் இருக்கிற சாமி படங்களை மெல்ல மெல்ல எடுத்துவிட வேண்டும் என்று 1968லேயே அரசு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. நான் சேர்ந்தபோது எங்கள் ஹாலில் நாலு படம், ரிட்டயர் ஆகும்போது எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. மெல்ல மெல்ல என்பதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள் போல. ஒருமுறை வாய் திறந்து கேட்டேன். "நீங்க கும்பிட வேண்டாம் மேடம், காசு மட்டும் குடுங்க" என்றார் மேலதிகாரி. கொடுத்தேன். முப்பது வருஷமும் கொடுத்தேன். என் வீரம் அவ்வளவுதான், தாத்தாவிடம் சொல்லவே இல்லை. பூஜை முடிந்து குங்குமம் தடவிய பூசணிக்காயை நடு ரோட்டில் உடைத்துவிட்டுப் போவார்கள். அதில் ஸ்கூட்டர் வழுக்கி ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. திருஷ்டி அவளுக்கு வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தில் 1976இலிருந்து எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நீ மனப்பாடம் செய்து என்னிடம் ஒப்பித்தாய். ஒப்பித்ததோடு சரி.

அப்பாவின் கடைசி ஆடியைப் பற்றிச் சொல்லணும். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இனிமேல் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அந்த முன்னறைக் கட்டிலில்தான் கிடந்தார். பூச்சாட்டி, கம்பம் நட்டு, தெரு முழுக்க சீரியல் பல்பு. நம் வாசலுக்கு எதிரே ஆள் உயரத்துக்கு நாலு ஸ்பீக்கர் பாக்ஸ். எல்.ஆர். ஈஸ்வரி குரல் எனக்கும் பிடிக்கும் சாமி, ஆனால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிற அளவுக்கு இல்லை. ராத்திரி பதினொன்றரைக்குப் போய்க் கேட்டேன். நான் பாலும் பன்னும் கொடுத்து வளர்த்த பையன்கள்தான். "சரிங்கம்மா" என்று குறைத்தார்கள். நான் படி ஏறுவதற்குள் கூட்டிவிட்டார்கள். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதி இருக்கிறது. விழாவுக்கென்று அரசு தனியாக அனுமதித்தாலும் பன்னிரண்டு மணி வரைதான், அதுவும் வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மேல் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2005இல் உறுதிப்படுத்தியது. நம் தெருவில் இரண்டு மணி வரை பாடியது. போலீசுக்குப் போன் செய்தேன். "சாமி காரியம்மா, நாலு நாள் பொறுத்துக்குங்க" என்றார்கள். நாலு நாள் பொறுக்க இவரிடம் நாள் இருக்கணுமே.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "விடு, ஆத்தாவே இந்நேரம் தூங்கியிருப்பா" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "இவனுங்க அவளையும் தூங்க விட மாட்டானுங்க" என்றார்.

சர்ச்சோ பள்ளிவாசலோ எது அந்த நாலு பாக்ஸை வைத்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். 2017 மார்ச்சில் கோவையில், இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து, கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவந்த ஒருவரை வெட்டிக் கொன்றார்களே, மறந்திருக்க மாட்டாய். மகன் இருந்த இயக்கத்தில் தானும் சேரப்போவதாக அவருடைய தகப்பனார் சொன்னார். அந்தச் செய்தியை அப்பாதான் எனக்கு வாசித்துக் காட்டினார், வாசித்துவிட்டு ரொம்ப நேரம் பேப்பரை மடிக்காமல் வைத்திருந்தார். போன வருஷம் மே மாதம் தீவட்டிப்பட்டியில், தலித் மக்கள் மாரியம்மன் கோயிலில் கும்பிடுவதைப் பற்றிய தகராறில் கடைகள் எரிந்தபோதும் அப்படித்தான். "அம்மை வந்தா மட்டும் எல்லா வீட்டுக்கும் போவாளாம்" என்றார். நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. கும்பிடுகிறவர் சொன்னார்.

இதையெல்லாம் எழுதிவிட்டு எதிர் வீட்டு அக்காவை விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். வருஷா வருஷம் தீ மிதிக்கிறவர். கடைசி ஒரு மாதமும் காலை ஐந்து மணிக்கு வந்து, அப்பாவைப் புரட்டிப் போட்டு, படுக்கை விரிப்பை மாற்றி, அவர் வேட்டியைத் தானே அலசிப் போட்டுவிட்டுப் போனார். "ஆத்தா செய்யச் சொன்னா" என்பார். "ஆத்தா சொல்லலேன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்களாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அதெப்படி வராம இருப்பேன்" என்றார். எனக்கு அது போதும். அந்த அக்காவும் நானும் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டு ஒரே காபியைக் குடிக்கிறோம்.

ஒரு கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க நான் வந்துவிடுவேனோ என்று ஒருத்தி என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். அதையும் இங்கே எழுத நினைத்தேன். வேண்டாம், பெயர் சொல்லாவிட்டாலும் உனக்குத் தெரிந்துவிடும்.

நீ வந்து திதி கொடு. பெரியப்பா சொல்கிறபடி செய். அன்றைக்குக் காலையில் நான் சமைத்து வைப்பேன், அப்பாவுக்குப் பிடித்த தட்டைப்பயறுக் குழம்பு. அதைப் படையல் என்று நீ வைத்துக்கொண்டால் வைத்துக்கொள். ஐயர் என்னைக் கூப்பிட்டால், அம்மா மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறார் என்று சொல். உண்மையாகவே காயப்போட்டுக்கொண்டிருப்பேன், இந்தத் தடவை பொய் சொல்ல வைக்க மாட்டேன்.

வருகிற வாரம் ஆடிப் பண்டிகைப் புதன்கிழமை, ஊருக்கே லீவு. வண்டி வேடிக்கைக்குப் போகலாம். சிவன், முருகன் வேஷம் போட்ட பிள்ளைகள் லாரி மேல் கைகாலை ஆட்டாமல் நிற்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். சின்ன வயசில் உன்னைத் தோளில் தூக்கிக் காட்டியது நான்தான், அப்பா இல்லை.

இன்னொன்று. அப்பாவின் கோடு போட்ட சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. கடைசியாக மலைக்குப் போன வருஷத்துத் திருநீறு. கொட்டவும் இல்லை, பூசவும் இல்லை. பீரோவில் அவர் சட்டைகளுக்கு மேலேயே வைத்திருக்கிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள். காகிதத்தை மட்டும் எனக்குக் கொடுத்துவிடு, ஓரத்தில் அவர் எழுதிய கணக்கு இருக்கிறது.

ராத்திரி பஸ்ஸில் வராதே, சென்னையிலிருந்து பகல் ரயில் பிடி.

அம்மா