கூம்புக் கூரைக்குள் நடந்த வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில், கென்ட் மாவட்டத்தின் கூம்புக் கூரை வீடுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால், அவற்றை அழகுக்காகக் கட்டிய பழைய பண்ணை வீடுகள் என்று மட்டும் சொல்லி முடித்திருந்தது எனக்கு மனக்குறையாக இருந்தது.

அவை வீடுகளாகக் கட்டப்பட்டவை அல்ல. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை உலர்த்திய சூளைகள். 'ஓஸ்ட்' என்பது அவற்றின் பெயர். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) பக்கமிருந்து வந்த இந்தப் பயிர் கென்டில் நன்றாக வேர்பிடித்தது. வெற்றிலைக் கொடிக்கால் போல, நெடிய கழிகளில் கொடி ஏறும். பறித்த பூவில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம்தான். உடனே உலர்த்தாவிட்டால் கெட்டுவிடும்.

அந்தக் காலத்தில் சூளையின் அடியில் நெருப்பு. மேலே இடைவெளி விட்டு அடித்த பலகைத் தளம், அதன்மேல் குதிரைமயிர்த் துணி, துணிமேல் பூ. ஈரக்காற்று வெளியேற, கூரை உச்சியிலுள்ள வெள்ளைத் தொப்பி காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். பூ பொன்னிறம் பெறக் கந்தகமும் எரிப்பார்கள். ஒரு முறை உலர ஏறக்குறைய 10 மணி நேரம் பிடிக்கும். உலர்த்துபவர் அறுவடைக் காலம் முழுக்கச் சூளைக்குப் பக்கத்திலேயே சாக்கின்மேல் படுத்து, விட்டு விட்டுத் தூங்குவார். பூவைக் கையில் கசக்கி, காம்பு முறிகிறதா என்று பார்த்துத்தான் பதம் சொல்வார். அப்புறம் பூவை ஆறவைத்து நீளச் சாக்கில் அடைக்க வேண்டும். அழுத்தும் பொறி வருவதற்கு முன்பு, தொங்கும் சாக்குக்குள் ஓர் ஆள் இறங்கித் தூசியில் நின்று மிதித்தார்.

பூப் பறித்தவர்கள் யார்? லண்டன் கிழக்குப் பகுதி ஏழைக் குடும்பங்கள், அயர்லாந்துக்காரர்கள், ஜிப்சிகள். ஒவ்வொரு செப்டம்பரிலும் குழந்தை குட்டிகளோடு வந்து, பண்ணைக் குடிசைகளில் தங்கினார்கள். கூலி கூடைக் கணக்கு. அளப்பவர் பூவை அமுக்கி அளந்தால் கூலி குறையும். இதனால் பல தோட்டங்களில் தகராறு, வேலைநிறுத்தம்கூட நடந்தது.

1853 அக்டோபர் 20 மாலை, வேலை முடிந்து கூடாரத்துக்குத் திரும்பியவர்களின் குதிரை வண்டி, ஹார்ட்லேக் மரப்பாலத்தின் பக்கத்தடுப்பை உடைத்துக்கொண்டு வெள்ளம் ஓடிய மெட்வே ஆற்றில் விழுந்தது. 30 பேர் இறந்தார்கள். பலர் ஒரே குடும்பத்தார், குழந்தைகளும் உண்டு. பாலம் பழுதாகிக் கிடந்ததும் அதற்குக் காரணம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1878-ல் இங்கிலாந்தில் 70,000 ஏக்கருக்கு மேல் ஹாப்ஸ் இருந்தது. இன்று அதில் மிகச் சிறு பங்கே மிச்சம். 1950, 60-களில் பறிக்கும் எந்திரங்கள் வந்ததும் லண்டன் குடும்பங்களின் வருகை நின்றது. சூளைகள் பலவும் விலையுயர்ந்த வீடுகளாகிவிட்டன.

டன்பிரிட்ஜ் அருகே ஹாட்லோ கிராமத்துச் செயின்ட் மேரி தேவாலயத்தில், இறந்த 30 பேருக்கும் ஓஸ்ட் வடிவிலேயே நினைவுச் சின்னம் இருக்கிறது. கென்ட் பற்றி அடுத்து எழுதும்போது அதன் படத்தையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மெய்ட்ஸ்டோன்