மலை சைக்கிள் பந்தயங்களில் ஓராண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், சித்திரை வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளை இந்த விளையாட்டுக்கு அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

சடங்குக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி தர வேண்டிய கணக்கு தயாராகிவிட்டது. பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். செயற்குழு 6 முறை கூடியது. இன்னும் 2 முறை கூட்டம் அறிவித்தும் ஆள் சேரவில்லை. ஞாயிறு காலை கூட்டம் வைத்தது என் தவறு. அந்த நேரத்தில் குழு முழுக்க மலையில்தான் இருந்தது. நானும்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு வெளியூர்ப் பந்தயங்கள் 5க்குப் போனோம். பெங்களூர்ப் பக்கம் இரண்டு, கோயம்புத்தூருக்கு வெளியே ஒன்று, நீலகிரியில் ஒன்று, ஓசூருக்கு அருகில் ஒன்று. பதக்கம் ஒன்றே ஒன்று: 16 வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவில் மூன்றாம் இடம். வாங்கி வந்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும், முன்வரிசையில் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்கள் எல்லோரும் பட்டியலின் நடுவிலும் கீழிலும் வந்தோம். ஏன் அப்படி என்பதுதான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

நம் சங்கம் ஏற்காட்டு மலைச்சாலையில் பிறந்தது. அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே ஏரிக்கரைக்குப் போய் டீ குடிப்பதுதான் நம் வார வழிபாடு. அதனால் நம்மில் யாருக்கும் ஏற்றம் பயமில்லை. எல்லாப் பந்தயத்திலும் முதல் ஏற்றத்தில் நம் ஆட்கள் முதல் பத்துக்குள் இருந்தார்கள். பெங்களூர்ப் பந்தயத்தில் ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். முன்னணி ஆளிடம் நம் தம்பி ஏற்றத்தில் விட்டது சுற்றுக்கு 20 விநாடி. இறக்கத்தில் விட்டது முக்கால் நிமிடம். பாடுபட்டு ஏறிச் சேர்த்ததை இறங்கும்போது வாரி இறைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

அடிவாரத்து டீக்கடை அண்ணன் இதை மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "ஏனுங்க, மேல போறப்ப பறக்கறீங்க, கீழ வர்றப்ப மட்டும் மாப்பிள்ளை ஊர்வலமா வர்றீங்களே" என்பார். தார்ச்சாலையிலேயே அந்த நிலை. பாறையும் வேரும் கிடக்கும் ஒற்றையடிப்பாதையில் கேட்க வேண்டுமா?

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விதியை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு பந்தயங்களில் நம் பிள்ளைகள் அழுதுகொண்டு வெளியே வந்தது இதனால்தான். ஒலிம்பிக் வகை கிராஸ் கன்ட்ரி என்பது சுற்றுப் பந்தயம். சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ.யின் விதிப்படி ஒரு சுற்று 4 முதல் 6 கிலோமீட்டர் இருக்கும். அதில் 80 சதவீத விதி என்று ஒன்று உண்டு. முதலில் போகிறவர் முதல் சுற்றை 15 நிமிடத்தில் முடித்தால், அதில் 80 சதவீதம் 12 நிமிடம். அவருக்கு 12 நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிட்டால் அந்தச் சுற்றோடு உங்களை நிறுத்திவிடுவார்கள். முன்னணி ஆள் பின்னாலிருந்து வந்து ஒற்றையடிப்பாதையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. தண்டனை இல்லை. இத்தனை சுற்றுக் குறைவு என்று போட்டு முடிவுப் பட்டியலில் இடமும் தருவார்கள். 46 வயதில் என்னையும் மூன்றாம் சுற்றில் நிறுத்தினார்கள். மார்ஷலாக நின்ற கல்லூரிப் பையன் "அங்கிள், போதும், ஜூஸ் குடிங்க" என்றான். அங்கிள் என்றதுதான் வலித்தது.

ஜூலை 29, திங்கள் மாலை, பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் பந்தயத்தைப் பொருளாளர் வீட்டு மொட்டை மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் பார்த்தோம். இந்த ஆண்டு நடந்த பயிற்சி வகுப்புகளிலேயே உருப்படியானது அதுதான் என்பது என் கருத்து. பிரிட்டனின் டாம் பிட்காக் பாதியில் முன் சக்கரம் பஞ்சராகி, சக்கரம் மாற்றி, அரை நிமிடத்துக்கு மேல் இழந்து, கடைசிச் சுற்றில் பிரான்ஸின் விக்டர் கொரெட்ஸ்கியை முந்தித் தங்கம் வாங்கினார். பாதையோரம் ஒதுக்கிய உதவி மண்டலத்தில் மட்டும்தான் சக்கரம் மாற்றலாம். அதுவரை காற்றில்லாத சக்கரத்தோடுதான் வர வேண்டும். நாம் போன 5 பந்தயங்களிலும் உதவி மண்டலத்தில் நம் பெயரில் வைத்திருந்தவை வாழைப்பழமும் துண்டும்தான். இரண்டாம் கை முன் சக்கரம் ஒன்று வாங்கச் செயற்குழு அன்றிரவே முடிவு செய்தது. இதுவரை எடுத்த முடிவுகளில் விவாதம் இல்லாமல் நிறைவேறியது இது ஒன்றே.

அந்தப் பந்தயம் நடந்த, பாரிஸுக்கு வெளியே இருக்கும் எலான்கூர் குன்றின் உச்சி வெறும் 231 மீட்டர். பழைய கல்குவாரியில் குப்பையும் மண்ணும் கொட்டி எழுந்த மேடு. நம் சேலம் நகரமே கடல் மட்டத்திலிருந்து அதைவிட உயரத்தில் இருக்கிறது. மலை இல்லாத ஊரில் ஒரு மேட்டில் பாதை வெட்டி உலகத்தையே ஓட விட்டார்கள். நாம் சேர்வராயன் மலைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு இறங்கத் தெரியாமல் இருக்கிறோம்.

இந்த விளையாட்டே இறக்கத்தில் பிறந்தது என்பதையும் நினைவூட்டுகிறேன். 1976இல் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே பழைய தடி டயர் சைக்கிள்களில் ஒரு மண்சாலையில் நேரம் பார்த்து இறங்கினார்கள். சுமார் 3 கிலோமீட்டரில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக்கில் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தச் சாலைக்கே ரீபேக், அதாவது திரும்ப அடைப்பது, என்று பெயர் வந்தது. ஒலிம்பிக்கில் சேர்ந்ததெல்லாம் 20 ஆண்டு கழித்து, 1996 அட்லாண்டாவில்.

ஆகஸ்ட் முதல் இறங்கும் பயிற்சி தொடங்கியது. அதில் தெரிந்த முதல் உண்மை, நம் அனைவருக்கும் முன் பிரேக் மேல் பயம். சின்ன வயதில் வாடகை சைக்கிளில் முன் பிரேக்கைப் பிடித்துக் குட்டிக்கரணம் அடித்த நினைவு கைவிரலிலேயே தங்கிவிட்டது. பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கும், நிற்காது. இறக்கத்தில் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. பெடல் இரண்டையும் சம உயரத்தில் வைத்து, சீட்டைவிட்டு எழுந்து, முழங்கையை மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, ஒரே ஒரு விரலால் லிவரை மெல்ல அழுத்த வேண்டும். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, அடுத்த திருப்பத்தில் இருக்க வேண்டும். சொல்லும்போது எளிது. மூத்த உறுப்பினர் ஒருவர் இடுப்பைப் பின்னால் தள்ளியதில் டயர் உரசிக் கால்சட்டை போயிற்று. ஓடும்போதே சீட்டைத் தாழ்த்தும் டிராப்பர் போஸ்ட் வாங்க வசதி இல்லாதவர்கள் இறங்குவதற்கு முன் சீட்டைக் கையால் தாழ்த்திக்கொண்டால் போதும். பயிற்சிக்கு அதுவே தாராளம்.

இரண்டாம் உண்மை, டயரில் காற்று. பாதிப் பேர் 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்து வந்தார்கள். கல்லில் பட்டால் பந்து மாதிரி துள்ளுகிறது, துள்ளும் டயர் மண்ணைப் பிடிக்காது. 60 கிலோ ஆள் உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயரில் 20 முதல் 25க்குள் ஓட்டலாம். டியூப் உள்ள டயரில் அவ்வளவு இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். அதற்குப் பயந்தே நம் ஆட்கள் கல்லாக அடிக்கிறார்கள். போதாததற்கு நம் சமவெளி முழுக்கச் சீமைக் கருவேல முள். ஓசூர்ப் பந்தயத்துக்கு முந்தைய நாள் பயிற்சியில் மட்டும் 9 பஞ்சர். டியூப்லெஸ் மாற்றியவர்களுக்கு ஒன்றுமில்லை, டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் ஓட்டையை அடைத்துவிட்டது. ஆனால் நம் ஊர் வெயிலில் சீலன்ட் சில மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும். ஊற்றிவிட்டு மறக்க வேண்டாம்.

ஒரு தவறையும் ஒப்புக்கொள்கிறேன். மினரல் ஆயில் போட வேண்டிய ஹைட்ராலிக் பிரேக்கில் ஸ்கூட்டருக்கான பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டேன். உள்ளே ரப்பர் ஊதி லிவர் இறுகிவிட்டது. அது சங்கத்துச் சைக்கிள். செலவை நானே ஏற்றேன், கணக்கில் வராது. இப்போது கருவிப் பெட்டியில் இரண்டு குப்பிக்கும் தடித்த எழுத்தில் பெயர் ஒட்டியிருக்கிறது.

நீலகிரிப் பந்தயத்தில் ஓர் உறுப்பினருக்குக் காறை எலும்பு முறிந்தது. இப்போது நலம். விழும்போது கையை ஊன்றியதுதான் காரணம். அதன்பின் முதலுதவிப் பெட்டியும் விபத்துக் காப்பீட்டு ரசீதும் இல்லாமல் யாரையும் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க விடவில்லை. இதற்காக என்னைத் திட்டியவர்கள் தொடர்ந்து திட்டலாம்.

பாதை விஷயம். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் தன் பட்டா நிலத்தில் ஆள் நடக்கும் வழியைப் பயிற்சிக்குத் தந்தார். வாடகை கேட்கவில்லை; பழம் பறிக்கும்போதும் பூப்பிடிக்கும்போதும் வரக் கூடாது என்றார், அவ்வளவுதான். அக்டோபருக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் தயார் செய்தோம். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டிய அதே மழை. ஏற்காட்டு மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. நாங்கள் போய்ப் பார்த்தபோது நம் பாதை முழங்கால் ஆழ ஓடையாகியிருந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "சரிவுக்கு நேரா வெட்டுனா தண்ணி உங்க வழியிலதான கண்ணு வரும்?" அவர் காட்டிய மாதிரியே சரிவுக்குக் குறுக்காக வளைத்து, பத்தடிக்கு ஒரு இடத்தில் தண்ணீர் வெளியேற மண்வெட்டியால் வாய் திறந்துவிட்டு, மார்ச்சில் திரும்ப வெட்டினோம். இறங்கவும் இப்போதுதான் சுகமாக இருக்கிறது. வளைந்து போகும் பாதையில் பிரேக்குக்கு வேலை குறைவு.

அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போகும் வழக்கம் இருக்கிறது என்று தெரியும். 1882ஆம் ஆண்டு வனச்சட்டப்படி அது குற்றம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் மாட்டிக்கொண்டதை மறந்துவிட்டோமா? கோடையில் காய்ந்த புல்லும் விடிகாலையில் காட்டெருமையும் யார் வேகமாக இறங்குகிறார் என்று பார்ப்பதில்லை. இரண்டு பேர் போனதோடு நிற்காமல் வழித்தடத்தை ஸ்ட்ராவாவில் போட்டும் வைத்திருந்தார்கள். வரைபடத்தோடு வாக்குமூலம்! பெயர் சொல்லவில்லை. அடுத்த முறை சொல்வேன்.

பெண் உறுப்பினர்கள் 4 பேராக இருந்தது 11 ஆகியிருக்கிறது. பாரிஸில் பிரான்ஸின் பாலின் ஃபெரான்-பிரெவோ சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் தங்கம் வாங்கியதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மூன்று பேர். இறங்கும் பயிற்சியில் ஆண்களைவிட இவர்கள் சீக்கிரம் தேறினார்கள். சொன்னதைக் கேட்டதுதான் காரணம்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு தீர்மானம் உங்கள் முன் வைக்கிறேன். அந்தத் தோட்டத்துப் பாதையில் நாமே ஒரு சின்னப் பந்தயம் நடத்தலாம், இறக்கம் மட்டும், ஆளுக்கு ஆள் ஒரு நிமிட இடைவெளியில் நேரம் பார்த்து. எந்த மாதம் என்பதில்தான் செயற்குழு இரண்டு மணி நேரம் சண்டை போட்டது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம். மார்ச், ஏப்ரலில் கோடை மழை பெய்து பூ வரும். மே மாதம் கோடை விழா. மலைச்சாலையில் சைக்கிள் என்ன, எறும்பு போகவும் இடமிருக்காது. ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் திருவிழா, சேலத்தில் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். ஆகஸ்டுக்கு மேல் மழையும் அட்டையும். கழித்துக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஜூன் கடைசி. ஆகவே ஜூன் 29, ஞாயிறு. தோட்டக்காரப் பெரியவரும் சம்மதித்துவிட்டார். பரிசுக்கோப்பை வேண்டாம், டயர் கொடுக்கலாம் என்கிறேன். வந்தவர்கள் எல்லோருக்கும் தட்டுவடை செட் கட்டாயம். அதைத் தீர்மானத்திலேயே எழுதச் சொன்னவர் தலைவர்.

தோட்டத்துத் தொழிலாளர்களுக்கும், மதியம் சோறு கட்டிக்கொடுத்த வீட்டாருக்கும், வேன் ஓட்டிய அண்ணனுக்கும் நன்றி. சைக்கிளின் ஷாக் அப்சார்பருக்குக் காற்றடிக்கும் ஷாக் பம்ப் ஒன்று பொங்கலிலிருந்து காணவில்லை. வைத்திருப்பவர் இன்று இரவே என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகலாம், கேள்வி கேட்க மாட்டேன். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
சேலம், ஏப்ரல் 2025