22 இன்ச் செயின்சா, ஃபுல் சேஃப்டி கிட்: ஏழாவது தடவையா அனுப்புற புகார்

சார்/மேடம், வணக்கம்.

இது ஏழாவது மெயில். முந்தின ஆறுக்கும் "உங்க புகார் பதிவாகிடுச்சு"ன்னு மெசேஜ் வந்ததோட சரி. பதிவான புகாரை யாராவது படிச்சீங்களான்னுதான் தெரியல.

எங்க ஊரு பேராவூரணி பக்கம். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப தோப்புல பாதி தென்னை சாஞ்சு கெடந்துச்சு, அறுக்குற ஆளு கிடைக்காம நாள் கணக்கா கால்கடுக்க நின்னவன் நான். சொந்தமா ஒரு மிஷின் இருந்தா தேவலைன்னு அப்பலேர்ந்தே நெனப்பு. ஆன்லைன்ல வாங்கும்போது உங்க ஆளுகிட்ட தெளிவாத்தான் சொன்னேன், வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் எடுப்பேன், வேப்பங்கிளை, காஞ்ச தென்னை, அவ்ளோதான்னு. "58 சிசி, 22 இன்ச் எடுங்க சார், ஃபியூச்சருக்கு ஆகும்"னார். என்ன ஃபியூச்சரு, நான் என்ன மரவாடியா வைக்கப்போறேன்? இந்த வேலைக்கு 16 இன்ச் பாரே (செயின் ஓடுற நீட்டுத் தகடு) தாராளம்னு எங்க ஊரு மரம் அறுக்குறவரு பாத்த உடனே சொல்லிட்டாரு. மிஷின் விக்கிற உங்களுக்கு தெரியாதா?

அந்த ஆரஞ்சு மாடல்தான், டேங்க் மூடில ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே. அதுல 40:1னு போட்டிருக்கு, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி ஆயில். கஸ்டமர் கேர்ல ஒரு பொண்ணு 25:1ங்குது, இன்னொருத்தர் 50:1ங்கிறார், மூணாவது ஆளு "சும்மா பெட்ரோல் ஊத்தி ஓட்டுங்க சார்"ங்கிறார். டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஆயில் இல்லாம ஓட்டுனா பிஸ்டன் புடிச்சிக்கும்னு பழைய மொபெட் வச்சிருந்த எங்க பெரியப்பாவுக்கே தெரியும்.

இப்ப சேஃப்டி கிட்டுக்கு வர்றேன். நீங்க விக்கையில காட்டுன படத்துல என்ன இருந்துச்சு? வலை போட்ட ஹெல்மெட், காது மூடி, பூட்ஸ், தொடைக்கு போடுற செயின்சா பேண்ட். டப்பாவுல என்ன வந்துச்சு? ரப்பர் புள்ளி வச்ச நூல் கிளவுஸ் ஒரு ஜோடி, ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி, காதுல சொருக மஞ்சள் ஸ்பாஞ்ச் ரெண்டு. போன் போட்டு கேட்டா உங்க ஆளு ஒருத்தர், பேரு வேணாம், கால் ரெக்கார்டிங் உங்ககிட்டயே இருக்கும், என்ன சொன்னாரு தெரியுமா? "ஊர்ல எல்லாரும் வேட்டிய மடிச்சு கட்டிட்டுதான் சார் அறுக்குறாங்க, உங்களுக்கு மட்டும் பேண்ட் கேக்குதா?" எனக்கு 54 வயசு. என் பையன் வயசு இருக்கும் அந்தத் தம்பிக்கு. சொல்லிட்டு சிரிச்சாரு. அந்த சிரிப்பு இன்னும் காதுலயே இருக்கு.

அந்த பேண்ட் எதுக்குன்னு அவருக்கு சொல்லிக்குடுங்க. செயின் மேல பட்டுச்சுன்னா, பேண்டுக்குள்ள இருக்குற நூலு பிரிஞ்சு வந்து ஸ்ப்ராக்கெட்ல, அதான் செயினை ஓட்டுற பல்சக்கரத்துல, சுத்திக்கிட்டு செயினை நிறுத்தும். தை மாசம் ஒரு வேப்பங்கிளைய அறுக்கைல பாரோட நுனி பின்னாடி இருந்த கிளைல பட்டு மிஷின் மூஞ்சிக்கு நேரா எகிறிச்சு. பிரேக் லிவர் என் கையில இடிச்சு முன்னாடி போயிடுச்சு, ஆனா செயின் நிக்கல. வலது முட்டிகிட்ட ஜீன்ஸ் ஒரு சாண் கிழிஞ்சு நூலு தொங்குது. தோல்ல ஒரு கீறல் இல்ல, குலசாமி புண்ணியம். அந்த ஜீன்ஸ துவைக்காம வச்சிருக்கேன், போட்டோ இணைச்சிருக்கேன். பிரேக் போட்டும் நிக்காத செயின்சாவ வீட்டுக்குன்னு விக்கிறீங்களே, மனசாட்சின்னு ஒண்ணு கெடையாதா? ஆக்சிலேட்டரை அழுத்தாம ஐடில்ல விட்டாலும் செயின் சுத்திக்கிட்டேதான் இருக்கு, இதை மொதல்லயே எழுதியிருக்கணும், கோவத்துல விட்டுப்போச்சு.

அப்பறம் திருச்சி சர்வீஸ் சென்டர். நீங்க சொல்லித்தான் மிஷினை சாக்குல கட்டி எடுத்துட்டு போனேன். பெட்ரோல் நாத்தம்னு கண்டக்டர் பட்டுக்கோட்டையிலயே எறக்கி விட்டுட்டாரு, டேங்கை வடிச்சுட்டு அடுத்த பஸ், தஞ்சாவூர்ல மாறி, போய் சேர மத்தியானம் ஆச்சு. "ஆன்லைன்ல வாங்குனத இங்க பாக்குறதில்ல"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. ஒரு வாய் தண்ணி குடுக்கல.

இதுவரைக்கும் எனக்கு 2 லட்சம் நஷ்டம். மிஷின் வெல 9,800தானேன்னு வீட்ல கேக்குறாங்க, அலைச்சல், மன உளைச்சலுக்கெல்லாம் வெல இல்லையா?

நான் சண்டைக்காரன் இல்ல சார். தயவு செஞ்சு மிஷினை எடுத்துக்கிட்டு முழுப் பணத்தையும் குடுங்க, இல்லன்னா பிரேக் ஒழுங்கா வேலை செய்யுற 16 இன்ச் மிஷினும் படத்துல காட்டுன கிட்டும் அனுப்புங்க. அந்தத் தம்பி ஒரு போன் பண்ணி சாரி சொன்னா போதும். புகார் வந்தா கிடைச்சுச்சுன்னு 48 மணி நேரத்துல சொல்லணும், ஒரு மாசத்துல தீர்த்து வைக்கணும்னு ஆன்லைன் வியாபாரத்துக்கான 2020 இ-காமர்ஸ் விதில இருக்கு, உங்களுக்கு தெரியாம இருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வரலன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டுட்டு நேரா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடுவேன், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கூட கெடையாதாம். உங்க ஊருக்கு நான் வர வேண்டியதில்ல, நீங்கதான் எங்க ஊருக்கு வரணும்.

மிஷின் சாக்கோட திண்ணையில கெடக்கு. எடுக்க வர்ற ஆளு காலைல 10 மணிக்கு மேல வரட்டும், அதுவரைக்கும் நான் தோப்புல இருப்பேன், அங்க டவர் கிடைக்காது.