செலினியம் மாத்திரையும் புற்றுநோயும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செலினியம் என்னும் தாதுச்சத்து மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கை குறித்து ஒரு விளக்கம். குளுடாதயோன் பெராக்சிடேஸ் போன்ற, செலினியம் அடங்கிய புரதங்கள் (செலினியப் புரதங்கள்), செல்களைத் தாக்கும் பெராக்சைடு வேதிப்பொருள்களைச் சிதைத்து, புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய டி.என்.ஏ. சேதத்தைக் குறைக்கின்றன என்பது உண்மையே. ஆனால், தேவையான செலினியம் உணவிலேயே கிடைத்துவிட்டால், மாத்திரையால் இப்புரதங்களின் அளவு மேலும் கூடுவதில்லை. விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். அமெரிக்காவில் 2001-இல் தொடங்கி, 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்ற 'செலக்ட்' ஆய்வில், அன்றாடம் 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்தும் புராஸ்டேட் புற்றுநோய் குறையாததால், 2008-இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. உடலில் ஏற்கெனவே செலினியம் மிகுந்திருந்தவர்களுக்கு இம்மாத்திரையால் தீவிர வகைப் புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபாயம் கூடியதாகவும் 2014-இல் தெரியவந்தது. போதாக்குறைக்கு, தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்னும் செலினியப் புரதம், உருவாகிவிட்ட புற்றுசெல்களின் வளர்ச்சிக்கும் துணைபோகக்கூடியது. குறைபாடு உறுதிசெய்யப்படாத எவருக்கும் இம்மாத்திரையைப் புற்றுநோய்த் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைக்க இன்று சான்று இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்