இஸ்திரி வண்டிக்குப் போகாத துணிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பரங்கிப்பேட்டைப் பக்கம் எங்களுக்கு வனாமி இறால் பண்ணை இருக்கிறது. குடியிருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். சொந்த வீடு, கார் என்று வசதிக்குக் குறைவில்லை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியதும், எங்களிடம் ஏற்றுமதிக்கு இறால் எடுப்பவர் விலையைக் குறைத்துவிட்டார். இரண்டு குளங்களைக் காயப் போட்டோம்.

கையில் சேமிப்பு இருந்ததால் நாங்கள் தாக்குப்பிடித்தோம். அடி விழுந்தது வேறு இடத்தில். முதலில் டிரைவரை நிறுத்தினோம். அப்புறம் இஸ்திரி. வாரம் முப்பது உருப்படி கொடுத்துவந்தேன். நானே தேய்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவிட்டேன். இறால் தொழிலை நம்பியிருக்கும் இன்னும் இரண்டு வீடுகளும் அப்படியே செய்தன. போன வாரம் சாயங்காலம் அந்த இஸ்திரி அண்ணனின் வண்டியைப் பார்த்தேன். பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. பலகையில் ஒரே ஒரு பள்ளிச் சீருடை, அதுவும் அவர் மகளுடையது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே துணிகளைக் கொடுத்தனுப்பினேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவை மட்டும் நிறுத்தவில்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம் வேலை வாங்கிய நானும் சொன்னதில்லை. தொழிலாளர் துறை தெருத்தெருவாக முகாம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஆதார் நகலை எடுத்துக்கொண்டு அவரை நானே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.