மலைநடைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு ஒன்பது முறை கூடியது. மழையால் கைவிடப்பட்ட நவம்பர் நீங்கலாக மாதாந்திர நடை தவறாமல் நடந்தது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் நடைக்குச் சென்றவர்கள் பலர் உயிரிழந்ததை அடுத்து நாம் எடுத்த முடிவின்படி, வனத்துறையின் அனுமதி கைக்கு வராமல் எந்தக் காட்டுப்பாதையிலும் இவ்வாண்டும் கால் வைக்கவில்லை. அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளுடன் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கிய பின் அனுமதிக்காக அலையும் அலைச்சல் நமக்குக் கணிசமாகக் குறைந்திருக்கிறது.

மற்றபடி இவ்வறிக்கை பெரும்பாலும் செப்டம்பரில் நம் உறுப்பினர்கள் பதினொருவர் மேற்கொண்ட கிளிமஞ்சாரோ பயணத்தைப் பற்றியதே. ஆறு நாளில் முடிக்கக்கூடிய ஏற்றத்துக்கு ஏழு நாள் எடுத்தது ஏன் என்று ஒரு கடிதமும், மூவர் உச்சியை அடையாமல் திரும்பியது தேர்வுக் குறைபாடு அல்லவா என்று மற்றொரு கடிதமும் அலுவலகத்துக்கு வந்துள்ளன. இரண்டும் நியாயமான கேள்விகள் என்பதால் விடையை விரிவாகவே தருகிறேன்.

தான்சானியாவில் உள்ள கிளிமஞ்சாரோவின் உச்சி 5,895 மீட்டர். கயிறும் பனிக்கோடரியும் இல்லாமல் நடந்தே ஏறிவிடலாம் என்பதால் எளிய மலை என்ற பெயர் அதற்கு உண்டு. அந்தப் பெயர்தான் ஆபத்து. உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். கால்வலு அதற்கு ஈடாகாது. உடல் பழகுவதற்கு நாள் கொடுப்பதுதான் ஒரே வழி. நாம் தேர்ந்தெடுத்த மச்சாமே பாதையை ஆறு நாளில் முடிப்பவர்கள் நான்காம் நாள் பராங்கோ முகாமிலிருந்து நேரே பராஃபு முகாமுக்குப் போய், அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்புகிறார்கள். ஏழு நாள் திட்டத்தில் இடையில் கரங்கா என்ற முகாமில் ஓர் இரவு தங்குகிறோம். பூங்காக் கட்டணம் ஒரு நாளுக்கு 70 டாலர், முகாம் கட்டணம் ஓர் இரவுக்கு 50 டாலர், மேலே வரி என்று அந்த ஒரு நாளுக்காக ஒவ்வொருவரும் கூடுதலாகச் செலுத்தியது உண்மை. செயற்குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்ததையும், ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில்தான் தீர்மானம் நிறைவேறியதையும் மறைக்க விரும்பவில்லை.

பயிற்சிக்காகப் பர்வதமலையில் இருமுறை இரவில் ஏறினோம். இருட்டில் நெற்றி விளக்கை நம்பி நடப்பதும், சங்கிலியைப் பிடித்துப் பாறையில் ஏறுவதும் பின்னர் பராங்கோ பாறைச்சுவரில் கைகொடுத்தன. ஆனால் உயரத்துக்கான பயிற்சி நம் மாநிலத்தில் கிடைக்காது. தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். மச்சாமே பாதையில் முதல் இரவு படுக்கும் முகாம் அதைவிட உயரத்தில் இருக்கிறது. உறுப்பினராக உள்ள மருத்துவர் ஒருவர் உயர நோய் குறித்து இரண்டு வகுப்புகள் எடுத்தார். அசெட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதற்கு உதவும், ஆனால் தலைவலியும் வாந்தியும் கூடிக்கொண்டே போகும்போது இறங்குவதற்கு மாற்றாகாது என்று அவர் கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டது வீண்போகவில்லை.

புறப்பாட்டில் ஒரு தடங்கல் நேர்ந்தது. ஓர் உறுப்பினரின் பெட்டி விமானத்தில் வந்து சேரவில்லை. நடைக்காலணியை மட்டும் காலில் அணிந்தே விமானம் ஏற வேண்டும் என்று நாம் அனுப்பிய சுற்றறிக்கையை அவர் பின்பற்றியிருந்ததால் பயணம் தப்பியது. உறக்கப்பையையும் குளிராடையையும் மோஷி நகரில் வாடகைக்கு எடுத்தோம். தான்சானியா 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்திருப்பதால், பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் நம் ஊர் மஞ்சப்பைகளிலேயே மலையேறின. ஆயினும் மூன்றாம் நாளிலிருந்து பலரும் சமையற்காரர் கிண்டிய உகாலி என்ற மக்காச்சோளக் களியையே கேட்டு வாங்கி உண்டனர்.

மூன்றாம் நாள் 4,600 மீட்டருக்கு மேலுள்ள லாவா டவர் பாறை வரை ஏறி, மதிய உணவை முடித்து, மீண்டும் 4,000 மீட்டருக்குக் கீழே இறங்கிப் பராங்கோவில் தங்கினோம். பகலில் உயரே போய் இரவில் தாழ்ந்து உறங்குவதே பழகும் முறை. அன்று மூவருக்குக் கடும் தலைவலி, ஒருவருக்கு வாந்தி. இறங்கிய இரண்டு மணி நேரத்தில் மூவர் தெளிந்தனர். தெளியாதவர் எங்களில் வயதில் இளையவர், மாரத்தான் ஓடுபவர். ‘போலே போலே’ என்று, அதாவது மெல்ல மெல்ல என்று, வழிகாட்டிகள் முதல் நாளிலிருந்தே சொல்லியும் முன்னால் ஓடியவர் அவர்தான். கரங்காவில் தங்கிய கூடுதல் இரவில்தான் அவருக்குப் பசி திரும்பியது. அந்த இரவு இல்லாதிருந்தால் அவர் அங்கிருந்தே கீழே போயிருப்பார் என்று தலைமை வழிகாட்டி என்னிடம் கூறினார்.

பராஃபு என்றால் சுவாஹிலி மொழியில் பனிக்கட்டி. அங்கே மாலை உணவின்போது வழிகாட்டி ‘ஐந்து மணிக்குப் புறப்பாடு’ என்றதும், விடியற்காலையிலா ஏறுவது என்று நம்மவர்கள் திகைத்தனர். சுவாஹிலி மக்கள் பொழுது புலர்வதிலிருந்தும் பொழுது சாய்வதிலிருந்தும் மணியை எண்ணுகிறார்கள். அவர்களின் இரவு ஐந்து மணி நமக்குப் பதினொன்று. நாழிகையை உதயத்திலிருந்து எண்ணிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது விளங்கச் சற்று நேரம் ஆனது வேடிக்கைதான்.

பௌர்ணமியை ஒட்டிய இரவாகப் பார்த்துத் திட்டமிட்டிருந்ததால் பாதை தெரிந்தது. கிளம்புமுன் பல்ஸ் ஆக்சிமீட்டரில் பார்த்தபோது ஒருவரின் இரத்த ஆக்சிஜன் அளவு மிகவும் தாழ்ந்திருந்தது; நேர்கோட்டில் நடக்கச் சொன்னபோது தடுமாறினார். வழிகாட்டி அவரை அனுப்பவில்லை. ஐந்தாயிரம் மீட்டரைத் தாண்டியபின் இரண்டாமவர் இருமலோடு மூச்சுத் திணறவே, உதவி வழிகாட்டி ஒருவர் அவரை உடனே கீழே அழைத்துச் சென்றார். மூன்றாமவர் உச்சியிலுள்ள எரிமலைப் பள்ளத்தின் விளிம்பான ஸ்டெல்லா முனை வரை வந்து, தாமே போதும் என்றார். எட்டுப் பேர் காலையில் உகுரு முனையில் நின்றனர். உகுரு என்றால் விடுதலை. 1889இல் முதலில் ஏறிய ஹான்ஸ் மேயர் ஜெர்மானியப் பேரரசரின் பெயரைச் சூட்டிய அதே முனையில்தான் 1961 டிசம்பர் 9 அன்று விடுதலைத் தீபம் ஏற்றப்பட்டது.

இரண்டாம் கடிதத்துக்கான விடை இதுதான். திரும்பிய மூவரும் பயிற்சியில் குறைந்தவர்கள் அல்லர். உயரம் யாரை எப்போது வருத்தும் என்பதை ஊரில் நடத்தும் எந்தத் தேர்வும் சொல்லாது. அவர்களைத் திருப்பி அனுப்பிய முடிவை நான் பயணத்தின் குறையாக அல்ல, நாம் கொடுத்த பணத்துக்குக் கிடைத்த மிகச் சரியான சேவையாகப் பதிவு செய்கிறேன்.

சுமைதூக்குவோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினொருவருக்காக வழிகாட்டிகள், சமையற்காரர் உட்பட ஏறத்தாழ நாற்பது பேர் உடன் வந்தனர். நாங்கள் ஒரு சிறு பையோடு மூச்சு வாங்க, இருபது கிலோவைத் தலையில் சுமந்து அவர்கள் எங்களைக் கடந்து போனது பலரின் மனத்தை உறுத்தியது. அதற்கு மேல் சுமத்தக்கூடாது என்பது விதி. நுழைவாயிலில் எடை பார்க்கிறார்கள். ஊதியம், உணவு, கூடாரம் ஆகியவற்றைக் கண்காணிக்கும் கிளிமஞ்சாரோ சுமையாளர் உதவித் திட்டத்தில் இணைந்த நிறுவனத்தையே அமர்த்த வேண்டும் என்று விலை மலிவான இரண்டு ஏற்பாடுகளை நாம் மறுத்தது சரியே. எனினும் அன்பளிப்புத் தொகையை முன்கூட்டியே வசூலிக்காமல் கடைசி முகாமில் தொப்பி ஏந்தியது என் பிழை. அவசரத்தில் பங்கீடு குழம்பி, பிறகு வங்கி வழியாகச் சரிசெய்ய நேர்ந்தது.

பயணச் செலவு முழுவதையும் சென்றவர்களே ஏற்றனர். சங்க நிதியிலிருந்து பயிற்சிக்கும் இரண்டு ஆக்சிமீட்டர்களுக்கும் மட்டுமே செலவிடப்பட்டது. தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார்.

இனி 4,000 மீட்டருக்கு மேற்பட்ட பயணம் எதற்கும் பழகுவதற்கென்று ஒரு நாளேனும் கூடுதலாக வைத்தல், வழிகாட்டி திரும்பச் சொன்னால் மறுபேச்சின்றித் திரும்புவதாக முன்பே கையொப்பம் பெறுதல், அன்பளிப்பைப் புறப்படுமுன் வசூலித்தல் ஆகிய மூன்றையும் விதியாக்கும் தீர்மானத்தைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அதனோடு இவ்வறிக்கையையும் ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்