இறங்கும் நாள் ஓய்வு நாள் அல்ல

மத்திய மாகாணச் சுகாதார அதிகாரிகளுக்கும், மலையக வைத்தியசாலைகளின் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். நைட் கடமை முடித்து இறங்கும் நாளை ஓய்வு நாளாக எழுதும் எங்கள் கடமை ரோஸ்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். 14 வருடங்களாக மலையகத்தில் தாதியாக இருக்கிறேன். கிளினிக் நாட்களில் தோட்டத்து அம்மாமார் வரிசையில் வந்து உட்காருவார்கள். கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்து, "உப்பைக் குறைங்க, நல்லாத் தூங்குங்க" என்று சொல்லி அனுப்புவேன். போன பெப்ரவரியில் ஒரு விடியற்காலை, வாட்டு கொஞ்சம் அடங்கியிருந்த நேரம், சும்மா என் கையிலும் கட்டிப் பார்த்தேன். 158க்கு 100. மெஷின் பிழையோ என்று மற்றக் கையிலும் பார்த்தேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

தூங்கும்போது பிரஷர் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இதயத்துக்குக் கிடைக்கும் ஓய்வே அதுதான். நைட் நிற்பவர்களுக்கு அந்த இறக்கம் சரியாகக் கிடைப்பதில்லை. பகலில் தூங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். வெளிச்சம் பட்டதும் உடம்பு விழிக்கத்தான் பார்க்கும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பகலோ கேட்கவே வேண்டாம்: தகரத்தில் மழை, சுவருக்கு அந்தப் பக்கம் டிவி, திருவிழாக் காலமென்றால் கோயில் ஸ்பீக்கர். மூன்று மணித்தியாலம் கண்ணயர்ந்தால் பெரிய விஷயம். இரவெல்லாம் குடித்த பிளேன்டீயும் தூக்கத்தைக் கெடுக்கிறது. தேயிலைக்காரி வீட்டில் பிறந்துவிட்டு அதைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

இப்போது எனக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார்கள், 'காலையில் ஒன்று' என்று. எழும்பும் காலையா, படுக்கப் போகும் காலையா?

சரி, ரோஸ்டருக்கு வருகிறேன். எங்கள் நைட் மாலை 7 முதல் காலை 7 வரை. ஒப்படைத்துவிட்டு, பஸ் பிடித்து, தோட்டத்துப் பாதையில் ஏறி வீடு சேர 9 மணியாகிவிடும். அந்த நாளைத்தான் 'ஓய்வு' என்று எழுதுகிறார்கள். அப்படியென்றால் அன்று நள்ளிரவு 12 மணியிலிருந்து 7 மணிவரை நான் வாட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன்? மறுநாள் காலை 7க்குத் திரும்பவும் கடமை. ஆள் குறைந்த நாட்களில் பகல் 1 மணிக்கு இறங்கியவர்கள் அன்றிரவு 7க்கே நைட்டுக்கு வந்து நிற்கிறோம். இரண்டு கடமைகளுக்கு இடையில் முடிந்தவரை 11 மணித்தியாலமாவது இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழில் அமைப்பின் இரவு வேலைப் பரிந்துரை 1990இலேயே சொல்லிவிட்டது.

ஆள் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போனவர்களின் இடங்களைத் தினமும் பார்க்கிறோம். மேலதிக நேரக் காசுக்காக நாங்களே நைட் கேட்டு வாங்குவதும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஆனால் இறங்கும் நாளை ஓய்வுக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்குப் புதிதாக ஒருவரையும் நியமிக்கத் தேவையில்லாத மாதங்கள் இருக்கின்றன. அவற்றிலாவது தொடங்குங்கள். மற்ற மாதங்களுக்கு ஆள் கேட்டு நீங்கள் எழுதும் கடிதத்தில் நாங்களும் கையெழுத்து வைக்கிறோம்.

அப்புறம் இன்னொன்று. வருடத்துக்கு ஒருமுறையாவது ஊழியர் எல்லோருக்கும் பிரஷர் பாருங்கள். சிற்றூழியர்களை விட்டுவிடாதீர்கள், எங்களைவிட அதிக நைட் அவர்களுக்குத்தான். மெஷின் வாட்டிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
மலையகத் தாதி ஒருத்தி